காணா ஆபீஸ்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்மதிலை ஒட்டிப் போகும் தெருவின் கோடியில் ஒரு நீல அறை இருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதற்கென்று கட்டியது. சுவரில் யானை, முயல், இன்னதென்று சொல்ல முடியாத இன்னொரு பிராணி எல்லாம் வரைந்தாயிற்று. தொட்டில்கள் வந்து இறங்கிவிட்டன. மேல்வரியில் 'குழந்தைகள்', கீழ்வரியில் 'காப்பகம்' என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். திறக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் மேசை நாற்காலிகளோடு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்று, காப்பகத்துக்குள் ஓர் அரசாங்க அலுவலகம் குடிபுகுந்தது.

'காணா உழைப்புக் கணக்கீட்டு இயக்ககம் - கள முகாம்' என்று துணிப் பதாகை கட்டினார்கள். பலகையைக் கழற்ற ஏணி கிடைக்கவில்லை. பதாகையும் கொஞ்சம் குட்டை. ஆகவே 'குழந்தைகள்' என்பது மட்டும் மேலே தெரிய, அதற்குக் கீழே இயக்ககத்தின் பெயர் தொங்கியது. தெருவில் யாருக்கும் இது தப்பாகப் படவில்லை. பெயர்தான் நீளம் என்று 'காணா ஆபீஸ்' ஆக்கிக்கொண்டார்கள்.

அந்த லோடு ஆட்டோவை ஓட்டி வந்தவன் ரஷீத். வாடகை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோதுதான், தன் பெண்டாட்டியின் வேலைக்குத் தானே உலை வைத்துவிட்டு வந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அவள் பெயர் சைதா. பழவேற்காட்டுப் பெண். தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் எடுத்தார்கள். சைதா போய் நின்றாள், எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வரும். ஏறினால் வேலை அவளுக்கு. ஏறாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவளுக்கு. உமைராவுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. நீல அறையை நம்பித்தான் சைதா சரி என்று சொல்லியிருந்தாள்.

துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே காணா ஆபீசுக்குப் போனாள்.

அங்கே துணை இயக்குநர் பரசுராமன் இருந்தார். மக்கள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று அளப்பதிலேயே தம் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவர். அளவீடு கெட்டுவிடும் என்பதால் மக்களை அதிகம் பார்த்ததில்லை. இயக்ககத்தின் அளவீட்டுக் கையேடு அவர் எழுதியது. அதை எழுதிய கையாலேயே இன்னும் கையெழுத்துப் போடுகிறோம் என்ற பெருமை அவர் முகத்தில் எப்போதும் இருக்கும்.

"சார், காப்பகம் எப்ப தொறப்பீங்க? திங்கக்கெழம நான் வேலைக்குப் போவணும்."

"உட்காருங்கம்மா" என்றார். உட்கார முயல் படம் போட்ட குட்டி நாற்காலிதான் இருந்தது. சைதா நின்றாள். "காப்பகம் என்பது ஒரு சேவை. சேவை யாருக்கு? தேவைப்படுகிறவருக்கு. தேவை இருக்கிறதா என்று அளக்காமலே திறந்துவிட்டால் என்ன ஆகும்?"

"கொழந்தைங்கள வுட்டுட்டு வேலைக்குப் போவோம் சார்."

"அதுதான் ஆபத்து. நீங்கள் பாட்டுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். தேவைப்பட்டு விட்டீர்களா, கதவு திறந்திருக்கிறதே என்று விட்டீர்களா? அப்புறம் யார் கண்டுபிடிப்பது?"

"அளக்கறதுக்கு வேற எடம் கெடைக்கலியா சார்?"

"காப்பகத்தின் தேவையை அளக்கக் காப்பகத்தைவிடப் பொருத்தமான இடம் உண்டா?" பரசுராமன் எழுந்து நின்றார். பேச்சு பெரிதாகும்போது எழுந்துகொள்வது அவர் வழக்கம். "கூலி இல்லாமல், பெயர் இல்லாமல், எந்தக் கணக்கிலும் ஏறாமல் பெண்கள் உழைக்கிறார்கள். அந்த உழைப்பை நாங்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். இது ஒரு தவம். தேவதர்ஷினி, டீ என்னம்மா ஆயிற்று?"

தேவதர்ஷினி செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி வருகிற பெண். புள்ளியியல் படித்தவள். பதவியின் பெயர் தன்னார்வக் களப்பணியாளர். சம்பளம் கிடையாது, கடைசியில் சான்றிதழ் உண்டு. டீ கொண்டுவந்து வைத்தாள். பழைய கிளாசைக் கழுவினாள். தரையில் சிந்தியதைத் துடைத்தாள். பிறகு டேப்லெட்டை எடுத்து ஒரு பொத்தானைத் தொட்டாள். அது தெருவிலிருந்து ஒரு வீட்டைத் தானாகப் பொறுக்கியது.

"அக்கா, உங்க வீடுதான்" என்றாள்.

"அதிர்ஷ்டம்!" என்றார் பரசுராமன். "இனி உங்கள் வீடுதான் இந்தத் தெருவுக்கு மாதிரி. உங்களிடம் நேர வறுமை, அதாவது நேரப் பற்றாக்குறை, இருப்பது நிரூபணமானால் காப்பகம் திறக்கும்."

அப்படியொரு வறுமை தன்னிடம் இருக்கிறதா என்று சைதாவுக்குத் தெரியவில்லை. மற்ற வறுமைகள் இருந்தன. இதுவும் இருக்கும் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை தேவதர்ஷினி வந்தாள். முதலில் குடும்பத் தலைவரைக் கேட்க வேண்டும் என்பது விதி.

"குடும்பத் தலைவர் நீங்களா சார்?"

ரஷீத் சைதாவைப் பார்த்தான். அவள் தலையாட்டிய பிறகு, "ஆமா" என்றான்.

"உங்க மனைவி ஏதாவது வேலை செய்றாங்களா?"

"அவளுக்கு இன்னா வேல? ஊட்லதான் கீறா. சைதா, என் காக்கிச் சட்ட எங்க?"

சைதா சட்டையைக் கொடுத்தாள். காலர் பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

"திங்கக்கெழமலேந்துதான் கம்பெனிக்குப் போப்போறா. அதுவரைக்கும் ஃப்ரீதான். வண்டி சாவி?" சாவி வந்தது. "அக்கம்பக்கத்துல பேசிக்கினு, டிவி பாத்துக்கினு கெடப்பா. நாஷ்டா கட்டிட்டியா?" பொட்டலம் வந்தது. "செல்லு சார்ஜ் போட்டியா?" செல்லும் வந்தது.

ரஷீத் நல்லவன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

சைதா மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தாள். இயந்திரங்களில் மாட்டுகிற ரப்பர் வளையங்கள் அவை. அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னக் கத்திரியால் பிசிறை வெட்ட வேண்டும். தெருவில் பாதி வீடுகளில் இந்த மூட்டை உண்டு. சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போவான். கை வெட்டிக்கொண்டிருக்க, விட்டத்தில் கட்டிய தூளியில் உமைரா தூங்கினாள். தூளியிலிருந்து ஒரு கயிறு இறங்கி சைதாவின் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. கால் போய்ப் போய் வந்தது. அடுப்பில் குக்கர். சத்தம் நின்றால் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தேவதர்ஷினி டேப்லெட்டைத் திறந்தாள். "அக்கா, இப்ப என்ன பண்றீங்க?"

"பிசிறு வெட்றேன்."

அவள் அழுத்தினாள். "கால்ல?"

"தூளி ஆட்றேன்."

அழுத்தினாள். டேப்லெட் சிவப்பாகி, 'ஒரு நேரத்தில் ஒரு செயல் மட்டும்' என்றது.

"ஐயோ. அடுப்புல என்னக்கா?"

"பருப்பு. மூணு விசில் வந்தா சொல்லும்மா."

தேவதர்ஷினி டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு விசிலை எண்ணினாள். பிறகு பரசுராமனுக்குப் போன் போட்டாள்.

அவர் வந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து முடித்து, சைதாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதில் குழப்பமே இல்லை" என்றார். "மனிதப் பிறவி ஒரு நேரத்தில் ஒரு செயலைத்தான் செய்ய முடியும். கையேட்டின் முதல் வாக்கியமே அதுதான். பல செயல்கள் நடப்பதாகத் தெரிந்தால் அது பார்க்கிறவரின் கவனக்குறைவு. பார்வை எங்கே இருக்கிறதோ அதுதான் முதன்மைச் செயல். இப்போது அம்மா எங்கே பார்க்கிறார்?"

கைவேலை பழகியவள், கையைப் பார்த்து வெட்டமாட்டாள். மணி என்ன ஆயிற்று என்று டிவியின் மூலையில் ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சைதா.

"தொலைக்காட்சி பார்த்தல். பொழுதுபோக்கு. போடு."

"கை சார்?" என்றாள் தேவதர்ஷினி.

"பழக்கத்தில் ஓடுகிறது. மூச்சு விடுவதைப் போல. மூச்சு விடுவதற்கு நம் செயல் பட்டியலில் எண் இருக்கிறதா?"

"கால்?"

பரசுராமன் குனிந்து காலை ஆராய்ந்தார். "சீரான, தொடர்ச்சியான அசைவு. உடற்பயிற்சி. பட்டியலில் இருக்கிறது பார்."

"சார், கொழந்த தூங்கறதுக்காக..." என்று சைதா ஆரம்பித்தாள்.

"குழந்தைதான் தூங்குகிறதேம்மா. தூங்குகிற குழந்தையிடம் என்ன வேலை?"

சைதா காலை நிறுத்தினாள். தூளி நின்றது. உள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. குக்கர் விசில் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஆட்டுங்கள், ஆட்டுங்கள்!" என்று பரசுராமன் காதைப் பொத்தினார். உடற்பயிற்சி தொடர்ந்தது.

அப்போது கூடையோடு உள்ளே வந்தாள் கெங்கம்மாள். விடியலில் ஏரிக்கரைக்குப் போய் மீன் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்கிறவள். வாயும் கூடவே வரும்.

"இன்னாடி சைதா, பொண்ணு பாக்க வந்துகீறாங்களா? இப்டி உத்து உத்துப் பாக்கறாங்களே!"

"வேலைய அளக்கறாங்கக்கா."

"பொண்ணு பாக்க வர்றவன்கூட பஜ்ஜியத் தின்னுட்டுக் கெளம்பிடுவான். இவங்க எப்ப கெளம்புவாங்களாம்?"

கிளம்பவில்லை. முதல் மாதிரியைப் பார்க்க இயக்குநர் அன்புசெல்வனே ஜீப்பில் வந்து இறங்கினார். கூட ஒரு போட்டோக்காரர். மணி பகல் ஒன்று.

சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்புகிற வழக்கம் சைதாவின் ஊரில் கிடையாது. வந்தவர் ஏன் வந்தார் என்பது அப்புறம். ரப்பர் மூட்டையை ஓரமாகத் தள்ளினாள். உலையில் இன்னும் அரிசி போட்டாள். கெங்கம்மாள் தன் கூடையிலிருந்து இறாலை எடுத்து வைத்து, விற்கப் போகாமல் உட்கார்ந்து உரித்தாள். அடுத்த வீட்டிலிருந்து தட்டு வந்தது, எதிர்வீட்டிலிருந்து பாய் வந்தது. தேவதர்ஷினி தண்ணீர் மொண்டு வைத்தாள். தூளி ஆட்ட ஆளில்லாமல் உமைரா எழுந்து சைதாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அரை மணிக்கு ஒருமுறை டேப்லெட் 'டொய்ங்' என்று கேட்டது. பரசுராமன் எட்டிப் பார்த்து, "விருந்தினருடன் அளவளாவுதல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்புசெல்வன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போட்டோ எடுத்தார்கள். அவர் பேசினார்.

"சமையலறையில் வியர்வை சிந்துகிற பெண்ணை இந்தச் சமூகம் பார்ப்பதில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு. அவள் பரிமாறுகிறாள், நாம் உண்கிறோம். அவள் எப்போது உண்கிறாள் என்று நாம் கேட்டதுண்டா? அந்த இறாலை இப்படித் தள்ளுங்கள் பரசுராமன். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இந்த இயக்ககம். ரசம் உண்டா அம்மா?"

ரசம் இருந்தது. அவர் கரைத்துச் சாப்பிட்டு மனம் நிறைந்தார். நிறைந்த மனதோடு, "உங்களுக்குத்தான் வீண் சிரமம் கொடுத்துவிட்டோம்" என்றார்.

"இன்னா சார் நீங்க! இதெல்லாம் ஒரு வேலையா? நல்லா சாப்புடுங்க" என்றாள் சைதா.

வந்தவர் அப்படிச் சொன்னால் இப்படிச் சொல்லவேண்டும். கூரையே இடிந்து தலையில் விழுந்துகொண்டிருந்தாலும் அவள் ஊரில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்புசெல்வனின் கை பாதி வழியில் நின்றது. "பரசுராமன், கேட்டீர்களா?"

"கேட்டேன் சார்."

"பதிலளிப்பவரே தம் வாயால் சொல்கிறார். இதெல்லாம் வேலை இல்லை."

"சார், அவங்க ஒரு மரியாதைக்குச் சொன்னாங்க" என்றாள் தேவதர்ஷினி.

"மரியாதைக்கு நம் பட்டியலில் எண் இருக்கிறதா?"

"இல்ல சார்."

"அப்படியானால் போடு."

சனிக்கிழமை நீல அறையில் முடிவை வாசித்தார்கள். தெருப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சைதாவின் ஒரு நாள் என்பது தொலைக்காட்சி, உடற்பயிற்சி, விருந்தினருடன் அளவளாவுதல், குழந்தையோடு விளையாட்டு ஆகியவற்றால் ஆனது. மிச்சமிருந்தது, பதிலளிப்பவரின் சொந்த வாக்குமூலப்படி, வேலை அல்ல.

"நேர வறுமை இல்லை" என்றார் பரசுராமன். அவர் எழுந்து நின்றார். "நேரச் செழிப்பு! இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு உற்சாகமான பெண்மணியை நாங்கள் அளந்ததில்லை. இங்கே காப்பகம் தேவைப்படாது. இந்த அறையில் ஒரு மகிழ்ச்சி ஆய்வு மையம் நிறுவச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறோம்."

வெளியே வந்ததும் கெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"வாய வெச்சிக்கினு இருக்க மாட்டியாடி? இதெல்லாம் ஒரு வேலையான்னு உன்ன எவ கேக்கச் சொன்னது?"

"வந்தவங்ககிட்ட வேற இன்னாக்கா சொல்றது?"

"ஆமாய்யா, முதுகு ஒடியுதுன்னு சொல்லு!"

"சாப்புடற எடத்துலயா?"

கெங்கம்மாளும் சொல்லியிருக்கமாட்டாள்.

சைதா திரும்பவும் உள்ளே போனாள். "சார், இன்னொரு தபா அளக்க முடியாதா?"

"ஏன் முடியாது? மறு அளவீடு உங்கள் உரிமை. திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கிவிடலாம். நீங்கள் வீட்டில் இருக்கவேண்டும்."

"திங்கக்கெழம நான் வேலைக்குப் போறேன் சார்."

"வேலைக்குப் போகிறவருக்குத்தான் காப்பகம். தேவை என்று நிரூபிக்க நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்."

"ஊட்ல இருந்தா வேல போயிடும் சார்."

"அப்போது காப்பகம் தேவைப்படாது" என்றார் பரசுராமன். மீதியில்லாமல் வகுபட்ட கணக்கின் திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

சைதா போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் அன்னிக்கி இல்லாட்டி இன்னா ஆவும்?"

"ஒன்றும் ஆகாது. அளவீடு நிற்காதம்மா." அவர் எழுந்து நின்றார். "உலகத்தில் எங்கும் இல்லாத ஏற்பாட்டை நான் எழுதியிருக்கிறேன். பதிலி! அந்த நேரத்தில் அந்த வீட்டில் வயது வந்தவர் யார் இருந்து அந்தக் காரியங்களைச் செய்கிறாரோ, அவரே பதிலளிப்பவர். தொடங்கிய மறு அளவீடு ஒரு வாரம் ஓட வேண்டும். நடுவில் அறுந்தால் மாவட்டத்தின் கணக்கே செல்லாது. டெல்லிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்."

"யாரா இருந்தாலும் சரியா சார்? ஆம்பளயா இருந்தாகூட?"

"இயக்ககத்தில் பாகுபாடு கிடையாது" என்றார் பரசுராமன், மார்பில் கை வைத்து.

ஞாயிற்றுக்கிழமை சைதா எல்லாரையும் கேட்டுப் பார்த்தாள். ரஷீத்துக்கு விடியலிலேயே ஊத்துக்கோட்டைக்கு லோடு இருந்தது. "ஒரு மாசம் கழிச்சி சேர்றேன்னு சொல்லிப் பாரேன்" என்றான். "என்னிய நம்பி பாட்டிலெல்லாம் தொறந்தே நிக்குமா?" என்று கேட்டாள். அவன், "காப்பகத்துல கொண்டாந்து மேசைய எறக்கினது நானு" என்று மட்டும் முணுமுணுத்தான். கெங்கம்மாள் ஏரிக்கரைக்குப் போயாக வேண்டும். "கூடையில மீனோட வெச்சிக்கினு சுத்தட்டா? உன் பொண்ணு இருக்கற அழகுக்கு, அத்தயும் எடை போட்டுக் குடுன்னு கேப்பாளுங்க."

அப்புறம் சைதா யாரையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேன் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே பரசுராமனும் தேவதர்ஷினியும் வந்துவிட்டார்கள். அவருக்கு நாற்காலி, அவளுக்குப் பாய். டீ கொடுத்தாள். டேப்லெட் 'டொய்ங்' என்றது. மறு அளவீடு தொடங்கியது. சைதா சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். உமைராவுக்கு முத்தம் கொடுத்தாள். தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"சார், கொஞ்சம் புடிங்க" என்றாள்.

பரசுராமன் பிடித்துக்கொண்டார். குழந்தையை யாராவது நீட்டினால் கை தானாகப் போகிறது. கையேட்டில் இதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை.

"பாலு அடுப்புல கீது சார். குழாயில தண்ணி வந்தா ட்ரம்மு புடிச்சிருங்க. ரப்பர் மூட்டைக்கு சாயங்காலம் ஆள் வருவாரு. வரேன் சார்."

"அம்மா! எங்கேம்மா... அம்மா!"

வேன் போய்விட்டது.

"இது என்ன அநியாயம்? தேவதர்ஷினி, பிடி!"

"சார், நான் பார்வையாளர். பார்வையாளர் செயலில் தலையிடக் கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க." தேவதர்ஷினி நிஜமாகவே வருத்தப்பட்டாள். "வீட்டுல வயது வந்தவர் நீங்க ஒருத்தர்தான் சார்."

பரசுராமன் இயக்குநருக்குப் போன் போட்டார். "சார், மாதிரி வீட்டில் ஒரு சின்னப் பிரச்சினை..."

"மாதிரி அறுந்துவிடக் கூடாது பரசுராமன். டெல்லிக் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்."

"குழந்தை என் சட்டையில் சார்..."

"அதற்கும் எண் இருக்கும். பாருங்கள்" என்று அன்புசெல்வன் வைத்துவிட்டார்.

அடுப்பில் பால் பொங்கியது. அதை அணைக்க ஓடினால் குழாயில் தண்ணீர் வந்தது. ட்ரம்மை நகர்த்தப் போனால் உமைரா ரப்பர் வளையம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். அதைப் பிடுங்கியதும் அவள் அழுதாள், ட்ரம் வழிந்தது, தேவதர்ஷினியின் டேப்லெட் 'டொய்ங்' என்றது.

"சார், இப்ப என்ன பண்றீங்க?"

"பால்... இல்லை, தண்ணி... ஏய், அத வாயில வெக்காத! எல்லாம்தான் பண்றேம்மா!"

"ஒன்னுதான் சார் சொல்லணும்."

"எப்டிம்மா ஒன்னச் சொல்றது? எல்லாம் ஒரே நேரத்துல நடக்குது!"

"பார்வை எங்க இருக்குன்னு சொல்லுங்க சார்."

"இருட்டிக்கினு வருது" என்றார் பரசுராமன். உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் பேசிவந்த எழுத்துத் தமிழ் அத்தோடு அவரை விட்டுப் போயிற்று.

பத்து மணிக்குக் கெங்கம்மாள் வந்தாள். பின்னால் தெருவே வந்தது. உள்ளே துணை இயக்குநர் தரையில் உட்கார்ந்து, கட்டைவிரலில் கயிறு கட்டிக்கொண்டு, தூளியைப் பார்த்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இழுக்காத நைனா, வுட்டு வுட்டு ஆட்டு" என்றாள் கெங்கம்மாள். "அப்டி இழுத்தா விட்டத்தோட வந்துரும். எல்லாரும் வாங்கடி, உக்காருங்க. இன்னா சார், விருந்தாளிங்க வந்துகீறோம், டீ கீ ஒன்னும் இல்லியா?"

பரசுராமன் டீ போட்டார். எட்டுப் பேருக்கு. சர்க்கரை கம்மி என்று கெங்கம்மாள் சொன்னதால் மறுபடியும் போட்டார். தேவதர்ஷினி ஒன்றையும் விடாமல் பதிவு செய்தாள். ஒவ்வொன்றிலும் அவளுக்கு எந்த எண் போடுவது என்ற சந்தேகம் வந்தது. ஒவ்வொன்றையும் அவரிடமே கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் அவர், "வேலைன்னு போடும்மா. எல்லாத்துக்கும் வேலைன்னே போடு" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சைதா வேனிலிருந்து இறங்கி வந்தபோது, உமைரா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அசையாமல் நின்றார். அசைந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு இப்போது தெரியும்.

"நாளைக்குமா?" என்று குசுகுசுவென்று கேட்டார்.

"ஒரு வாரம் சார்" என்றாள் தேவதர்ஷினி. "பதிலி ஒருமுறை பதிவாயிட்டா மாத்த முடியாது."

செவ்வாய்க்கிழமை காலை சைதா உமைராவோடு வாசலுக்கு வந்தாள். நேற்று மாதிரியே நீட்ட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. தெருக்கோடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், காணா ஆபீசின் மேசைகள் எல்லாம் தெருவில் மின்கம்பத்தடியில் கிடந்தன. பதாகை சுருண்டு சாக்கடை ஓரமாக இருந்தது. உள்ளே பரசுராமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டில்களுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தெருப் பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக நின்றார்கள்.

"நேர வறுமை நிரூபணம் ஆயிடுச்சும்மா" என்றார். "கடுமையான வறுமை. நிரூபணம் ஆனப்புறம் ஒரு வாரம் எதுக்கு? அளவீடு முடிஞ்சுது. காப்பகம் தொறந்தாச்சு."

"மேலேந்து உத்தரவு வந்திச்சா சார்?"

"வரும். வராம எங்க போவும்? நீங்க கொழந்தயக் குடுங்க, வேன் வந்துடும்."

"யாரு சார் பாத்துப்பாங்க?"

"தேவதர்ஷினி இருக்காளே. நல்ல பொண்ணு."

தேவதர்ஷினி ஏற்கெனவே இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நின்றிருந்தாள். மூன்றாவது அவள் டேப்லெட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அதுக்கு இன்னா சம்பளம் சார்?" என்று கேட்டாள் சைதா.

"தன்னார்வம்மா இது. சேவை. சான்றிதழ்ல கூட ஒரு வரி சேத்துருவோம்."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. "ஓடுடி, குடுத்துட்டு ஓடு!" என்றாள், ஏரிக்கரைக்குக்கூடப் போகாமல் வேடிக்கை பார்க்க வந்திருந்த கெங்கம்மாள். சைதா வேனைப் பார்த்தாள். தேவதர்ஷினியைப் பார்த்தாள். உமைராவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பளம் போட்டாத்தான் சார் கொழந்த."

"இதுக்கெல்லாம் நிதி ஒதுக்கணும்மா. கோப்பு மேல போவணும். இயக்குநர் பாக்கணும்."

மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமாக. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வரீங்களா இல்லியா?" என்று கத்தினார்.

"அப்ப சரி சார்" என்றாள் சைதா. "நீங்களே புடிங்க."

உமைராவை அவர் பக்கம் நீட்டினாள். உமைரா அடையாளம் கண்டுகொண்டு சந்தோஷமாக இரண்டு கைகளையும் விரித்தாள். துணை இயக்குநர் பின்வாங்கினார். முதுகு சுவரில் யானையின் மேல் முட்டியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தற்காலிகம்னு போடலாம்" என்றார்.

"இன்னா பேர்ல வேணா போடுங்க சார். அது கையில வந்து சேரணும்."

அவர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை தெருவில் கிடந்த மேசையில் இருந்ததால் கெங்கம்மாளே ஓடிப்போய் எடுத்துவந்தாள். தேவதர்ஷினி தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். நம்பாமல் இன்னொருமுறை படித்தாள். பிறகு, "குடுங்கக்கா" என்று கையை நீட்டினாள்.

நகர ஆரம்பித்த வேனைச் சைதா ஓடிப் பிடித்தாள். படியில் தொற்றி ஏறி, மூச்சிரைக்க உட்கார்ந்தாள்.

"இன்னா சைதா, ரெண்டாவது நாளே லேட்டு? ஊட்ல வேலையா?" என்று கேட்டாள் பக்கத்து சீட்டுக்காரி.

"ஊட்ல இல்லக்கா" என்றாள் சைதா, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கவர்மெண்ட் ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்கு வேல போட்டுக் குடுத்துட்டு வரேன்."